ஈவா காசிடி தொகுக்காத தொகுப்பு

1998-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ‘சாங்பேர்ட்’ என்ற பெயரில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் உள்ள பத்துப் பாடல்களையும் பாடியவர் ஈவா காசிடி. ஆனால் அப்படியொரு தொகுப்பு வரப்போகிறது என்பதோ, அதற்கு இந்தப் பெயர் சூட்டப்படும் என்பதோ, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரும் என்பதோ அவருக்குத் தெரியாது. 1996 நவம்பர் 2 அன்றே, 33-ஆவது வயதில், புற்றுநோயால் அவர் காலமாகியிருந்தார். உயிரோடு இருந்தபோது வாஷிங்டன் நகரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அவரை அறிந்தவர்கள் சொற்பம். 2001 மார்ச்சில் இதே தொகுப்பு பிரிட்டனின் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது.

மறைந்த பாடகர்களின் பெயரில் வரும் தொகுப்புகளை நான் பெரும்பாலும் சந்தேகக் கண்ணோடுதான் அணுகுவேன். ஒத்திகைக்காகப் பாடியதையும், பிடிக்காமல் ஒதுக்கி வைத்ததையும், பாதியில் விட்டதையும் தேடியெடுத்து, பின்னணி சேர்த்து, அட்டை போட்டு விற்பது அந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. நல்ல முறையில் வந்தவையும் உண்டு. ஜானிஸ் ஜாப்ளின் 1970 அக்டோபரில் இறந்தபோது ‘பெர்ல்’ தொகுப்பு அநேகமாக முடிந்திருந்தது. அவர் குரல் கொடுக்காமல் எஞ்சியிருந்த ஒரு பாட்டை வெறும் வாத்திய இசையாகவே விட்டு, 1971 ஜனவரியில் வெளியிட்டார்கள். இல்லாத குரலை இருப்பதாகக் காட்டாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில் மறைந்து ஐந்து மாதங்கள் ஆவதற்குள் வந்த ‘லயனஸ்’ தொகுப்பைக் கேட்டபோது அந்த நிறைவு கிட்டவில்லை. அங்கங்கே கிடந்தவற்றைச் சேர்த்து ஒரு முழு ஆளைப் போல நிறுத்த முயன்றிருப்பது அதில் தெரிகிறது.

ஆனால் இவர்கள் இருவரும் இறக்கும்போதே உலகப் புகழ் பெற்றிருந்தவர்கள். கேட்பவர்களுக்கு அவர்கள் யார் என்று முன்பே தெரியும். மறைவுக்குப் பின் வந்த தொகுப்பு அந்த அறிமுகத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது. காசிடியின் விஷயத்தில் அறிமுகமே மரணத்துக்குப் பின்புதான் நடந்தது. உலகத்தின் பெரும்பகுதிக்கு ஈவா காசிடி என்றால் வேறொருவர் தேர்ந்தெடுத்த அந்தப் பத்துப் பாடல்கள்தாம். அந்தத் தேர்வு எவ்வளவு சரியாக அமைந்தது, அதே தேர்வு எதை மறைத்தது என்ற இரண்டு கேள்விகளும் பல ஆண்டுகளாக எனக்குள் உண்டு.

காசிடி 1963 பிப்ரவரி 2 அன்று வாஷிங்டனில் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள மேரிலாந்து மாநிலத்தில். தந்தை ஹியூ காசிடி பள்ளி ஆசிரியர், சிற்பி, இசைக்கலைஞர், போதாக்குறைக்குப் பளுதூக்கும் வீரரும்கூட. தாய் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஒன்பது வயதில் தந்தையிடம் கித்தார் கற்கத் தொடங்கிய பெண், வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு சேர்ந்து பாடியே வளர்ந்தார். அவருடைய சகோதரர் டான் காசிடி பிற்காலத்தில் நல்ல வயலின் கலைஞராக அறியப்பட்டார். ஈவாவுக்கோ மேடை என்றாலே கூச்சம். பெரியவரான பிறகு அவர் சோறு தேடியது ஒரு நாற்றங்காலில்: நாற்றுகளைப் பிடுங்கித் தொட்டி மாற்றி நடும் வேலை. மீதி நேரத்தில் ஓவியம் வரைந்தார், சுவர்ச் சித்திரங்கள் தீட்டினார், பாடினார். இந்த மூன்றில் எதைத் தம் தொழிலாகக் கருதினார் என்று கேட்டால், பாட்டு என்று அவர் தயங்காமல் சொல்லியிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

1986-இல் நண்பர் ஒருவரின் இசைக்குழுவுக்காகப் பாடப் போன இடத்தில்தான் அவருடைய இசைவாழ்வு திசை திரும்பியது. அந்த ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தியவர் கிறிஸ் பியோண்டோ. பேஸ் கித்தார் வாசிப்பவர், ஒலிப்பதிவாளர். அந்தக் குரலை ஒருமுறை கேட்டதும் அவர் விடவில்லை. தம் கூடத்துக்கு யார் பாட வந்தாலும், பின்னணிக் குரலுக்கு ஈவாவை அழைத்தார். ஒரே பெண் தம் குரலின் மேலேயே மீண்டும் மீண்டும் குரலை அடுக்கி, ஒரு பாடகர் குழுவே நிற்பது போன்ற ஒலியை உருவாக்கிவிடுவார். ஒத்திசைக் குரல் அமைப்பதில் அவருக்கு இருந்த காது அபாரமானது; நடுக்குரலை எங்கே வைத்தால் மேற்குரல் ஒளிரும் என்பது அவருக்குக் கைவந்திருந்தது. ராப் பாடகர்களின் பதிவுகளில்கூட அவர் குரல் பின்னணியில் ஒலிக்கிறது. பிறருக்குப் பின்னால் நின்று பாடிய இந்த ஆண்டுகளே அவருடைய உண்மையான பயிற்சிக்காலம் என்று நினைக்கிறேன். தனியாகப் பாடும்போதும் அவரிடம் தம்மை முன்னிறுத்தும் துடிப்பு இல்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பியோண்டோவின் கூடத்தில்தான் சக் பிரவுனும் அவரைக் கேட்டார். வாஷிங்டன் நகரத்துக்கே உரிய ‘கோ-கோ’ என்ற தாள இசைக்கு மூலவராகக் கொண்டாடப்பட்ட கறுப்பினக் கலைஞர் அவர்; 1936-இல் பிறந்தவர், ஈவாவைவிட ஒரு தலைமுறை மூத்தவர். தம் ரசிகர்கள் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, பழைய ஜாஸ், ப்ளூஸ் பாடல்களைப் பாட வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1992-இல் இருவரும் சேர்ந்து ‘தி அதர் சைட்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். சக் பிரவுனின் கரகரத்த, சிரிப்பு கலந்த குரலும் ஈவாவின் தெளிந்த குரலும் ‘ஃபீவர்’ பாட்டில் ஒன்றையொன்று சீண்டிக்கொள்வதைக் கேட்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பெண் என்று எல்லாரும் எழுதும் அந்த ஈவா இங்கே குறும்பும் துணிச்சலுமாக விளையாடுகிறார். இந்த ஈவா ‘சாங்பேர்ட்’ தொகுப்பில் இல்லை என்பதைப் பின்னால் சொல்வதற்காக இப்போதே குறித்துவைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களின் காதுக்கு இந்தக் குரல் எட்டாமல் இல்லை. எட்டியது, பேச்சுவார்த்தைகள் நடந்தன, ஒப்பந்தம்தான் அமையவில்லை. எந்த வகைப் பாட்டு பாடுவீர்கள் என்பது அவர்கள் கேள்வி. ஜாஸ் என்றால் ஜாஸ், நாட்டுப்புறம் என்றால் நாட்டுப்புறம், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அந்த அலமாரியில் வைத்து விற்கிறோம் என்றார்கள். அவரோ ஓர் இரவில் இர்விங் பெர்லின் பாட்டைப் பாடிவிட்டு, அடுத்து டி-போன் வாக்கரின் ப்ளூஸுக்குப் போய், அங்கிருந்து ஆல் கிரீனின் சோல் பாட்டுக்கும், பிறகு ஒரு பழைய பக்திப் பாடலுக்கும் தாவுவார். எல்லாம் அவருக்குப் பாட்டு. 1994-இல் ப்ளூ நோட் நிறுவனத்தின் ‘பீசஸ் ஆஃப் எ ட்ரீம்’ குழுவோடு சேர்ந்து பாடி, சிறிது காலம் சுற்றுப்பயணமும் போனார். பாப் கலந்த அந்த ஜாஸ் அவருக்கு ஒட்டவில்லை. திரும்பி வந்து மீண்டும் உள்ளூர் மேடைகளிலேயே பாடினார்.

நிறுவனங்களைக் குறை சொல்வது எளிது. 1990-களின் நடுவில் இசைத்தட்டுக் கடைகள் வகைவாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தன. வானொலி நிலையங்களும் அப்படியே. எந்தப் பிரிவிலும் வைக்க முடியாத தட்டு எந்தப் பிரிவிலும் விற்காது என்று கணக்குப் போட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் ஒரு பாடகி ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்ததன் விலை, அவர் தம் வாழ்நாளில் தம் பெயரை மட்டும் தாங்கிய ஒரே ஒரு தொகுப்போடு நின்றுபோனதுதான்.

அந்த ஒரு தொகுப்பின் கதை முழுமையாகச் சொல்லத் தக்கது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில், விஸ்கான்சின் அவென்யூவுக்குப் பின்புறச் சந்து ஒன்றில், பழைய செங்கல் வண்டிக்கொட்டகையில் 1965 முதல் இயங்கிவரும் ஜாஸ் மன்றம் ‘ப்ளூஸ் ஆலி’. சிறிய இடம், மேசைகளில் சாப்பாடு பரிமாறப்பட்டுக்கொண்டிருக்க, கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாடகர் நிற்பார். உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கலைஞர்கள் வாசித்த அந்த மேடையில் 1996 ஜனவரி 2, 3 ஆகிய இரு இரவுகளும் காசிடியின் கச்சேரி. பியோண்டோ பேஸ் கித்தார், கீத் கிரைம்ஸ் கித்தார், லென்னி வில்லியம்ஸ் பியானோ, ரேஸ் மக்லவுட் டிரம்ஸ். இரண்டு இரவுகளையும் பதிவு செய்து, அவற்றில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஒரு தொகுப்பு போடுவது திட்டம்.

முதல் இரவின் பதிவு தொழில்நுட்பக் கோளாறால் உபயோகமற்றுப் போனது. எஞ்சியது ஒரே ஓர் இரவு. அன்றைக்குப் பார்த்து ஈவாவுக்கு ஜலதோஷம். பதிவைக் கேட்டவர் தம் குரல் நன்றாக இல்லை என்று முகம் சுளித்தார். வெளியிடவே வேண்டாம் என்றார். நண்பர்கள் வற்புறுத்தியபின், இரண்டு நிபந்தனைகளோடு இறங்கிவந்தார். பீட் சீகரின் ‘ஓ, ஹாட் ஐ எ கோல்டன் த்ரெட்’ என்ற பாட்டை ஏற்கெனவே ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வைத்திருந்தார். தமக்கு மிகப் பிடித்த அந்தப் பதிவைக் கச்சேரிப் பாடல்களின் முடிவில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. அடுத்ததாக முறையான ஒரு கூடப் பதிவுத் தொகுப்பை உடனே தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. அப்படித்தான் 12 கச்சேரிப் பாடல்களும் ஒரு கூடப் பாடலுமாக ‘லைவ் அட் ப்ளூஸ் ஆலி’ 1996-இல் வெளிவந்தது.

இன்று அதைக் கேட்பவர்களில் யாருக்காவது ஜலதோஷம் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகமே. கூர்ந்து கேட்டால் சில உச்சங்களில் குரலின் ஓரத்தில் மெல்லிய சொரசொரப்பு இருக்கிறது. ‘ஸ்டார்மி மண்டே’ பாட்டுக்கு அது கேடு செய்யவில்லை, அழகே சேர்க்கிறது. ப்ளூஸ் பாட்டுக்குப் பளிங்குக் குரல் தேவையில்லை. ஆனாலும் பாடியவருக்கே தெரியும் குறை ஒன்று உண்டு. கேட்பவர்கள் எத்தனை பேர் இல்லையென்று சொன்னாலும் அது அவருக்கு இருக்கத்தான் செய்யும். அந்த மனநிலையை நான் மதிக்கிறேன்.

1993-இல் அவர் முதுகிலிருந்த ஒரு மச்சம் மெலனோமா என்னும் தோல் புற்று என்று கண்டறிந்து நீக்கப்பட்டிருந்தது. 1996 கோடையில் இடுப்பு வலித்தது. ஏணியில் ஏறி நின்று சுவர்ச் சித்திரம் தீட்டியதால் வந்த வலி என்றே எண்ணினார். எலும்பு முறிந்திருந்தது; புற்று நுரையீரலுக்கும் எலும்புகளுக்கும் பரவியிருந்தது. செப்டம்பர் 17 அன்று, அவருக்காக நண்பர்கள் வாஷிங்டனில் ‘தி பேயு’ என்ற அரங்கில் நடத்திய நிகழ்ச்சியில் கடைசியாக மேடையேறி ‘வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாடினார். ஏழு வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தது. இந்தப் பகுதியை இதற்குமேல் நீட்ட விரும்பவில்லை. காசிடியைப் பற்றி எழுதப்படுபவற்றில் பாதிக்குமேல் இந்தச் சில மாதங்களைப் பற்றியே இருக்கின்றன. அவர் பாடியதோ பத்து ஆண்டுகளுக்கும் மேல்.

அவர் நிபந்தனையாகக் கேட்ட அந்தக் கூடப் பதிவுத் தொகுப்பு 1997-இல் ‘ஈவா பை ஹார்ட்’ என்ற பெயரில் வந்தது. பியோண்டோவின் கைவண்ணம். மறைவுக்குப் பின் வெளியான முதல் தொகுப்பு இதுவே. உள்ளூரில் வரவேற்பு இருந்தது. வெளியே சத்தமே இல்லை. அந்த வட்டாரத்தின் நாட்டுப்புற இசைப் பாடகி கிரேஸ் கிரிஃபித், தம் பதிவுகளை வெளியிட்டு வந்த ப்ளிக்ஸ் ஸ்ட்ரீட் என்ற சிறு நிறுவனத்தின் பில் ஸ்ட்ராவிடம் இந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குடும்பத்தாரோடும் அறிமுகப்படுத்தி வைத்தார். ஸ்ட்ரா செய்தது ஒரு காரியம்தான். இருந்த மூன்று தொகுப்புகளிலிருந்தும் பத்துப் பாடல்களைப் பொறுக்கினார். ‘ஈவா பை ஹார்ட்’டிலிருந்து ஐந்து, ‘லைவ் அட் ப்ளூஸ் ஆலி’யிலிருந்து நான்கு, சக் பிரவுனோடு செய்த தொகுப்பிலிருந்து ‘ஓவர் தி ரெயின்போ’ என்ற ஒன்று. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பின்னணி மாற்றவில்லை, வயலின்கள் கொண்டுவந்து இட்டு நிரப்பவில்லை. இந்தத் தொகுப்பின் முதல் நல்லூழ் இதுதான் என்று சொல்வேன்.

கேட்கத் தொடங்கினால் முதலில் வருவது ஸ்டிங் 1993-இல் பாடிய ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் கோல்ட்’. மூலத்தில் அது நாசூக்கான பாப் பாட்டு. இசைக்கருவிகள் பலவும் மெல்ல நடைபோடும். ப்ளூஸ் ஆலியில் காசிடி அதை அவிழ்த்து, கித்தாரும் குரலுமாகச் சுருக்கி, வேகத்தையும் குறைத்துவிடுகிறார். வேகம் குறைந்ததும் சொற்களுக்கிடையே இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில்தான் அவருடைய வித்தை எல்லாம் நடக்கிறது. ஒரு சொல்லைத் தொடுவதற்கு முன் அரைக்கணம் காத்திருப்பது, ஒரு வரியின் கடைசி ஸ்வரத்தை அழுத்தாமல் அப்படியே கரையவிடுவது, எங்கே மூச்சு எடுத்தார் என்று தெரியாமல் அடுத்த வரிக்குள் போவது. நம் செவிக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால், சுருதி அத்தனை சுத்தம், பிருகாக்கள் குறைவு, வரும் இடத்தில் வேகமாக வந்து வேலை முடிந்ததும் போய்விடுகின்றன. மேற்கத்திய சோல் இசையில் ஒரே அசையைப் பத்து ஸ்வரங்களில் இழுத்துச் சுழற்றும் பழக்கம் 1990-களில் தொற்றுநோய்போலப் பரவியிருந்தது. கறுப்பினத் தேவாலயப் பாட்டான கோஸ்பல் என்ற அதே ஊற்றிலிருந்து குடித்த காசிடி அதை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினார் என்பதைக் கேட்கும்போது மரியாதை கூடுகிறது.

இரண்டாவதாக வரும் ‘வேட் இன் தி வாட்டர்’ அடிமைத்தளைக் காலத்துக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல். இதற்குள் ஆளே மாறிவிடுகிறார். குரல் கீழே இறங்கி, அழுத்தம் பெற்று, தாளத்தின் மேல் சாய்ந்து நடக்கிறது. முதல் பாட்டின் மென்மையைக் கேட்டு, இது தூங்கவைக்கும் தட்டு என்று எண்ணியவரை இது நிமிர்த்தி உட்காரவைக்கும்.

மூன்றாவது ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஜோசஃப் கோஸ்மா இசையமைத்த பிரெஞ்சுப் பாட்டு. ஆங்கில வரிகள் ஜானி மெர்சருடையவை. ஜாஸ் உலகில் இதை வாசிக்காத கலைஞர் கிடையாது. பயிற்சிக்கு வரும் மாணவன் முதலில் கற்கும் பாடல்களில் ஒன்று. பெரும்பாலோர் இதன் ஸ்வரக்கோவையைக் கற்பனைக்கு ஏற்ற களமாக மட்டுமே பார்ப்பார்கள். மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். காசிடி மெட்டோடு தங்குகிறார். கித்தாரும் பியானோவுமே பிரதானம். கால அளவு அறுந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, முதல் சுற்றை ஏறத்தாழ பேச்சின் உரத்திலேயே பாடுகிறார். லென்னி வில்லியம்ஸின் பியானோ இடையில் வந்து போனபின், திரும்பப் பாடும்போது அதே வரிகள் விம்மி மேலேறுகின்றன. உச்சத்தைத் தொட்டு, கைதட்டலுக்காக அங்கேயே நிற்காமல் உடனே இறங்கிவிடுகிறது குரல். இந்தப் பாட்டை எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். பிரிவை அலங்காரமாக்காமல் பாடியவர்கள் மிகச் சிலர்; அவர்களில் முதல் வரிசையில் காசிடியை வைப்பேன்.

கடைசிப் பாட்டான ‘ஓவர் தி ரெயின்போ’ பற்றிச் சொல்லாமல் தீராது. 1939-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக ஹெரால்டு ஆர்லன் இசையமைக்க, ஜூடி கார்லண்ட் பாடியது. குழந்தை முதல் கிழவர் வரை அமெரிக்காவில் அறியாதவர் இல்லாத மெட்டு. அப்படிப்பட்ட பாட்டை மீண்டும் பாடுபவருக்கு இரண்டு ஆபத்துகள்: அப்படியே பாடினால் நகல், மாற்றிப் பாடினால் வம்பு. காசிடி மாற்றித்தான் பாடினார். கித்தாரில் அவர் விரல்களால் மீட்டும் நாட்டுப்புறப் பாணி பாட்டின் அடித்தளத்தையே திரையிசையிலிருந்து பெயர்த்து வேறொரு மண்ணில் ஊன்றுகிறது. வரிகளின் முடிவுகளைக் கோஸ்பல் பக்கமாக வளைக்கிறார். கடைசிச் சுற்றுவரை வலிமையை ஒதுக்கி வைத்திருந்து, அங்கே மட்டும் குரலை முழுதாகத் திறக்கிறார். மூல மெட்டிலிருந்து இத்தனை விலகியும் இது பழைய பாட்டேதான் என்று கேட்பவர் ஒருகணமும் ஐயப்படுவதில்லை.

இந்தப் பாட்டுதான் அட்லாண்டிக்கின் மறுகரையில் கதவைத் திறந்தது. பிபிசி ரேடியோ 2 வானொலியில் டெர்ரி வோகன் நடத்திய காலை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் பால் வால்டர்ஸ் ‘சாங்பேர்ட்’ தொகுப்பிலிருந்து இதை ஒலிபரப்பினார். யார் இந்தப் பெண் என்று நேயர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கானோர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்கும் நிகழ்ச்சி அது. ஒலித்தது ஒரு பாட்டு. அது ஜாஸா நாட்டுப்புறமா என்று யாரும் கேட்கவில்லை. அலமாரி தெரியாமல் தடுமாறிய வியாபாரத்துக்கு அந்த நேயர்கள் சொன்ன பதில் இதுதான். பிறகு 2000-ஆம் ஆண்டின் இறுதியில், ‘டாப் ஆஃப் தி பாப்ஸ் 2’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு காணொளி காட்டப்பட்டது. ப்ளூஸ் ஆலியில் நண்பர் ஒருவர் கைக் கேமராவில் எடுத்த அதே பாட்டு. அழகான ஒளியமைப்பு இல்லை, கேமரா நகர்வு இல்லை. ஒரு பெண் கித்தாரோடு அமர்ந்து பாடுகிறார், அவ்வளவே. மீண்டும் போடுங்கள், மீண்டும் போடுங்கள் என்று கேட்டு வந்த வேண்டுகோள்களில் அந்த நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே அது முன்னிலை பெற்றது. திரையில் மக்கள் பார்த்தது 1996-ஆம் ஆண்டுக் கச்சேரி. கடைக்குப் போய் வாங்கிய தட்டில் இருந்தது 1992-ஆம் ஆண்டுக் கூடப் பதிவு. இதைக் கவனித்தவர்களும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

முதலிடத்துக்கு வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2001 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சி அவரைப் பற்றி ஒளிபரப்பியபின் சொந்த நாடும் விழித்துக்கொண்டது. 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸில், போட்டிகள் முடிந்தபின் நடந்த பனிச்சறுக்குக் காட்சி நிகழ்ச்சியில் மிஷெல் குவான் ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் கோல்ட்’ பாட்டுக்குப் பனிச்சறுக்கு நடனம் ஆடினார். 2000-இலேயே வந்திருந்த ‘டைம் ஆஃப்டர் டைம்’ தொகுப்பைத் தொடர்ந்து ‘இமாஜின்’, ‘அமெரிக்கன் டியூன்’ என்று தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. கடைசி இரண்டும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன.

இங்கேதான் என் வழக்கைச் சொல்ல வேண்டும். ‘சாங்பேர்ட்’ தொகுப்பின் பத்துப் பாடல்களை வரிசையாகக் கேட்டால் ஒரு குணச்சித்திரம் எழுகிறது: துயரம் தோய்ந்த, சாந்தமான, விடைபெறும் தொனியில் பாடும் பெண். ‘டைம் இஸ் எ ஹீலர்’, ‘ஐ நோ யூ பை ஹார்ட்’, ‘வேஃபேரிங் ஸ்ட்ரேஞ்சர்’ என்று நினைவு, பிரிவு, மறுமை ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பாடியவர் இறந்துவிட்டார் என்று அறிந்து கேட்கும்போது ஒவ்வொரு வரியும் முன்னறிவிப்பாக ஒலிக்கிறது. ஆனால் இவற்றில் பல, நோய் பரவியது தெரிவதற்கு முன்பே பாடப்பட்டவை. ‘ஓவர் தி ரெயின்போ’வோ முதுகிலிருந்த மச்சம் நீக்கப்படுவதற்கும் முன்பே வெளிவந்தது. இரங்கற்பா தோரணை பாட்டில் இல்லை, தேர்வில் இருக்கிறது. எல்லா வகையும் பாடுவேன் என்று அடம்பிடித்தவரை, கடைசியில் ஓர் அலமாரிக்குள் வைத்துத்தான் உலகுக்குக் கொடுக்க முடிந்தது. உயிரோடு இருந்தபோது நிறுவனங்கள் அவரிடம் கேட்டது இதைத்தான். அவர் கொடுக்க மறுத்ததும் இதைத்தான்.

விட்டுப்போனவை எவை என்று பார்த்தால் இது விளங்கும். பில்லி ஹாலிடே எழுதிப் பாடிய ‘ஃபைன் அண்ட் மெல்லோ’வை ப்ளூஸ் ஆலியில் காசிடி பாடியது இதில் இல்லை. ‘ஸ்டார்மி மண்டே’ இல்லை. வெளியிடவே வேண்டாம் என்றாரே, அந்த இரவின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று அது. குழு சூடேறி, குரல் சீறி எழுந்து, கீத் கிரைம்ஸின் கித்தாரோடு மல்லுக்கு நிற்கும் பாட்டு. ‘சீக் டு சீக்’, ‘ஹனிசக்கிள் ரோஸ்’ ஆகியவற்றில் தெறிக்கும் ஸ்விங் உற்சாகம் இல்லை. ‘டேக் மீ டு தி ரிவர்’ இல்லை. சக் பிரவுனே இல்லை. அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்த ஒரே பாட்டு, ஈவா தனியாகப் பாடியது. வாஷிங்டனின் கறுப்பின இசை அவரை எப்படி வளர்த்தது என்பதற்கு ‘பீப்பிள் கெட் ரெடி’யும் ‘வேட் இன் தி வாட்டர்’ரும் மட்டுமே இங்கு சாட்சிகளாக நிற்கின்றன. ‘சாங்பேர்ட்’ வழியே மட்டும் அவரை அறிந்தவர், ஒரு நாட்டுப்புறப் பாடகி என்றே எண்ணிக்கொள்வார், தவறில்லை, பாதிதான்.

இதைச் சொல்லிவிட்டு, வேறு எந்தத் தேர்வாலும் அந்த முதல் கதவு திறந்திருக்குமா என்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ‘ஸ்டார்மி மண்டே’யைக் காலை எட்டு மணிக்கு வோகனின் நிகழ்ச்சியில் போட்டிருந்தால் இங்கிலாந்து இவ்வளவு உருகியிருக்காது. பில் ஸ்ட்ரா வியாபாரி; நல்ல காது கொண்ட வியாபாரி. அவர் குரலைத் தொடவில்லை, ஆளை மட்டும் கொஞ்சம் ஒருபக்கமாகத் திருப்பி நிறுத்தினார். இரண்டில் எதைச் செய்யலாம் என்றால் இதையே நான் பொறுத்துக்கொள்வேன்.

2007-இல் காசிடியின் பழைய பதிவோடு பாடகி கேட்டி மெலுவா தம் குரலைச் சேர்த்து ‘வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டை இருவர் பாடியதாக வெளியிட்டார். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகச் செய்யப்பட்ட நற்காரியம். பிரிட்டனில் முதலிடமும் பெற்றது. எனக்கு ஒட்டவில்லை. இருவர் பாடுவதென்றால் ஒருவர் மற்றவரின் மூச்சைப் பார்த்துப் பாட வேண்டும்; சக் பிரவுனோடு பாடியவர் அல்லவா அவர். 2023-இல் அவருடைய 60-ஆவது பிறந்தநாளையொட்டி ‘ஐ கேன் ஒன்லி பி மீ’ தொகுப்பு வந்தது. பழைய பதிவுகளில் மற்ற ஒலிகளோடு கலந்திருந்த குரலை இயந்திரக் கற்றல் முறையில் பிரித்தெடுத்து, லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்பை அதைச் சுற்றி அமைத்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் வில்லிஸும் வில்லியம் ராஸும் செய்த இசையமைப்பில் கண்ணியம் இருக்கிறது. குரலும் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் இசைக்குழு குரலைப் பின்தொடரலாம், குரல் இசைக்குழுவைக் கேட்க முடியாது. காசிடி விட்ட இடைவெளிகள், தம் கித்தாரையும் பக்கத்திலிருந்த பியானோவையும் கேட்டு விட்டவை. அந்த இடைவெளிகளில் எத்தனை அழகாக வயலின்களை ஊற்றினாலும், அவை நிரப்புவதற்காக விடப்பட்டவை அல்ல.

இதற்கு நேர்மாறான காரியம் 2015-இல் நடந்தது. அந்த ப்ளூஸ் ஆலி இரவின் பாடல்களை, 1996-இல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து, ‘நைட்பேர்ட்’ என்ற பெயரில் விரிவாக வெளியிட்டார்கள். ஓர் இரவில் ஒரு பாடகி எத்தனை வகைகளுக்குள் போய் வர முடியும் என்பதற்கு அது ஆவணம். அவர் வேண்டாம் என்ற இரவையே இன்னும் நீட்டிக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எனக்கு உண்டு. அவருக்கு ஜலதோஷம் பற்றிய வருத்தம் கடைசிவரை தீர்ந்திருக்குமா என்பது வேறு. ஆனாலும் மறைவுக்குப் பின் வந்தவற்றில் அவரை யாருடைய சட்டகத்துக்குள்ளும் வைக்காமல் முழுதாகக் காட்டுவது இதுவே என்பதால், குற்ற உணர்வு கொஞ்சம் இருந்தாலும் இதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

‘சாங்பேர்ட்’ தொகுப்பில் ஒன்பதாவதாக வருவது ‘கோல்டன் த்ரெட்’. ஹில்டன் ஃபெல்டனின் ஆர்கன் இசையோடு, அவசரமே இல்லாமல் ஏறிச்செல்லும் பாட்டு. மற்ற ஒன்பது பாடல்களையும் பிறர் தேர்ந்தெடுத்தார்கள். தொகுப்பில் இது இருந்தே தீர வேண்டும் என்று ஈவாவே வாதாடியது இந்த ஒன்றுக்காகத்தான், அதுவும் வேறொரு தொகுப்புக்காக. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: வானொலி காட்டிய வழியில் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்காமல், இந்த ஒன்பதாவது பாட்டில் தொடங்குங்கள். பிறகு நேரே ‘ஸ்டார்மி மண்டே’க்கும், அங்கிருந்து சக் பிரவுனோடு பாடிய ‘ஃபீவர்’ பாட்டுக்கும் போங்கள். ‘ஓவர் தி ரெயின்போ’ எப்படியும் உங்கள் காதுக்குத் தானாக வந்து சேரும்.